7,300 ஹெர்ட்ஸில் ஒரு முள்

இருபது ஆண்டுகளாக நான் கேட்டுவரும் பாட்டு ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில் பாடகி மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லை அழுத்துகிறார், எந்தச் சொல்லைக் காற்றில் விடுகிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். புதிதாக வாங்கிய ஹெட்ஃபோனில் அதை முதல்முறை கேட்டபோது, அவர் ‘ஸ’வைத் தொட்ட இடத்திலெல்லாம் காதுக்குள் ஏதோ குத்தியது. பல்லவி முடிவதற்குள் மூன்று முறை. ஒலி அளவைக் குறைத்தேன். குத்தல் குறைந்தது, ஆனால் பாட்டும் தள்ளிப்போய்விட்டது. இருபது நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாமல் கழற்றிவைத்தேன். அந்த ஹெட்ஃபோன் மோசமானது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் புகழ்ந்திருந்தார்கள். வீணையின் மீட்டும், மீட்டு அடங்கிய பின்னும் நிற்கும் கார்வையும் அதில் அவ்வளவு தெளிவு. குத்துவது அந்த ஓர் எழுத்து மட்டும்தான்.

ஒலியின் தாழ்ந்த, நடு, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசர் கையருகிலேயே இருந்தது. பத்து வருடமாக அதை நான் தொட்டதில்லை. மறந்துபோய் விட்டுவிட்டதல்ல, அது ஒரு கொள்கை. இசையில் என்னைவிட ஆழமான ஒரு நண்பர், பழக ஆரம்பித்த காலத்தில் சொன்னார்: “இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று பாட்டை உருவாக்கியவர்கள் முடிவுசெய்து கொடுத்திருக்கிறார்கள். அதில் கைவைக்க நாம் யார்?” அது எனக்குச் சரியென்று பட்டது. ஓவியத்தை வாங்கிவந்து, நீலம் போதவில்லை என்று நாமே தூரிகையை எடுப்போமா? எல்லா ஸ்லைடர்களும் பூஜ்யத்தில் நிற்பதுதான் கலைஞருக்குச் செய்யும் மரியாதை என்று நம்பினேன். அந்த நம்பிக்கையும் இந்த ‘ஸ’வும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு என்னைப் பல வாரங்கள் சும்மா இருக்க விடவில்லை.

முதலில் உறுத்தியது ஓர் எளிய கேள்விதான். அவர்கள் முடிவுசெய்த ஒலி எது? ஒலிக்கலவை செய்தவர் பெரும்பாலும் ஓர் அறையில், இரண்டு ஒலிபெருக்கிகளின் முன்னால் உட்கார்ந்து கேட்டிருப்பார். அந்த ஒலிபெருக்கிக்கு ஒரு குணம், அந்த அறைக்கு ஒரு குணம். அவற்றின் வழியாக அவர் காதில் விழுந்ததை வைத்துத்தான் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தீர்மானித்திருப்பார். அந்த அறை என்னிடம் இல்லை. ஒலிப்பொறியியலாளர் ஃப்ளாய்ட் டூல் இதை ஒரு குழப்ப வட்டம் என்றே சொல்கிறார்: ஒலிபெருக்கியை வைத்துப் பதிவை மதிப்பிடுகிறோம், அந்தப் பதிவை வைத்து ஒலிபெருக்கியை மதிப்பிடுகிறோம், இரண்டில் எது அளவுகோல் என்று எவருக்கும் தெரிவதில்லை. நண்பர் சொன்ன அந்த ‘முடிவுசெய்த ஒலி’, அது உருவான அறைக்கு வெளியே எங்கேயும் முழுதாக வந்துசேர்வதில்லை. என் காதுக்கு வரும்போது ஏற்கெனவே ஒருவர் தூரிகையை வைத்துவிட்டிருக்கிறார். ஹெட்ஃபோனை வடிவமைத்தவர் அவர்.

கம்பியில் தொலைந்ததை மீட்பது

ஈக்வலைசர் என்ற சொல்லின் வரலாற்றைப் படித்தபோது என் கொள்கையில் முதல் விரிசல் விழுந்தது. அந்தச் சொல் இசையிலிருந்து வந்ததல்ல, தொலைபேசியிலிருந்து வந்தது. நீண்ட கம்பி வழியே போகும் குரல், போகப்போக உயர்ந்த அதிர்வெண்களை இழந்துவிடும். மறுமுனையில் கேட்பவருக்கு மந்தமாக விழும். இழந்த பகுதியை மறுமுனையில் உயர்த்தி, புறப்பட்டதற்குச் சமமாகக் கொண்டுவர ஒரு சுற்று தேவைப்பட்டது. சமமாக்குவதால் அதற்கு அந்தப் பெயர். பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் வெளியிட்ட சுற்றின் வழியாக பேஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) குமிழ்கள் வீட்டுப் பெருக்கிகளில் பரவின. ஜார்ஜ் மாஸன்பர்க் 1972இல் விவரித்த பாராமெட்ரிக் ஈக்வலைசர், எந்த அதிர்வெண், எவ்வளவு ஏற்றம் அல்லது இறக்கம், எவ்வளவு அகலம் என்ற மூன்றையும் கேட்பவர் கையில் தனித்தனியாகக் கொடுத்தது. இன்று ஒரு கைப்பேசிச் செயலியிலேயே அது கிடைக்கிறது. இத்தனைக்கும் வேர், வழியில் நேர்ந்த சேதத்தைச் சரிசெய்வது. நானோ அதை ஒப்பனைப் பெட்டியாக மட்டுமே பார்த்துவந்தேன்.

வழியில் நேரும் சேதம் என்றால் ஹெட்ஃபோனில் அது எங்கே நேர்கிறது? காதின் வாசலில். நமக்கு எதிரே ஒருவர் பேசும்போது அந்தக் குரல் நேராகச் செவிப்பறைக்குப் போய்விடுவதில்லை. தோளில் பட்டு, தலையைச் சுற்றி, காதுமடலின் மடிப்புகளில் மோதி, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழாய்க்குள் நுழைகிறது. ஒருமுனை மூடிய குழல் எப்படித் தனக்கென்று ஒரு சுருதியில் ஒலிக்குமோ அப்படியே செவிக்குழாயும் 3,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3,000 அதிர்வு) அருகே ஒலியைப் பெரிதாக்கித் தருகிறது. பிறந்ததிலிருந்து இப்படியே கேட்டுப் பழகிய மூளைக்கு இதுதான் இயல்பு. ஹெட்ஃபோன் இந்தப் பாதையில் பாதியைத் தாண்டிக் குதித்து, காதின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே செவிப்பறையில் அளந்தால் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு காட்டும் ஹெட்ஃபோன் ஒன்றைச் செய்தால், அது கம்பளிக்குள்ளிருந்து பாடுவதைப்போலக் கேட்கும். காது வழக்கமாகச் செய்யும் ஏற்ற இறக்கத்தை, வரைபடத்தில் ஒரு வளைவாகத் தெரியும் அதை, வடிவமைப்பாளரே கணித்துச் சேர்த்தாக வேண்டும். யாருடைய காது என்பதுதான் சிக்கல்.

ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஒலிவும் டாட் வெல்டியும் தங்கள் குழுவினருடன் இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி எப்படிக் கேட்குமோ அதற்கு நெருக்கமாக ஒரு வளைவை எடுத்துக்கொண்டு, கேட்பவர்களையே பேஸையும் ட்ரெபிளையும் மாற்றவிட்டு, எது பிடிக்கிறது என்று பார்த்தார்கள். இன்று ஹெட்ஃபோன் பற்றிப் பேசுபவர்கள் ‘ஹார்மன் வளைவு’ என்று சொல்வது அங்கிருந்து வந்தது. அந்த ஆய்வுகளில் என்னை நிறுத்தியது வேறொரு கணக்கு. கேட்டவர்களில் 64 சதவிகிதம் பேர் அந்த வளைவை விரும்பினார்கள். 15 சதவிகிதம் பேருக்கு அதைவிடக் கூடுதல் பேஸ் வேண்டியிருந்தது. 21 சதவிகிதம் பேருக்குக் குறைவாக வேண்டியிருந்தது. இவ்வளவு கவனமாகத் தேடி எடுத்த வளைவுக்கும் மூன்றில் ஒருவர் வெளியே நிற்கிறார். அவர்கள் தவறாகக் கேட்கிறார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

அந்த இரவே என் ஹெட்ஃபோனுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஓர் ஈக்வலைசர் அமைப்பை இறக்கிப் போட்டேன். பத்து ஃபில்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு பகுதியை ஏற்றவோ இறக்கவோ செய்வது. செயற்கைக் காது வைத்து அளந்த வரைபடத்தை இலக்கு வளைவோடு பொருத்தக் கணினி எழுதியவை. பேஸ் இறுகியது, ஆண் குரலில் இருந்த ஒரு பீப்பாய்த்தனம் போய்விட்டது. உண்மையிலேயே மகிழ்ந்தேன். பிறகு அந்தப் பாட்டைப் போட்டேன். ‘ஸ’ முன்னைவிடக் கூர்மையாகக் குத்தியது.

மெல்ல ஏறும் ஒற்றைச் சுரம்

வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 7,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு பள்ளம் இருந்தது. அமைப்பு அந்தப் பள்ளத்தை 4 டெசிபல் (ஒலி அளவின் அலகு) உயர்த்தி நிரப்பியிருந்தது. கணக்குப்படி சரி. என் காதோ, அதே இடத்தில்தான் குத்துகிறது என்று சாதித்தது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று நினைத்தேன். பத்து வருடக் கொள்கையின் மிச்சம் எனக்குள் இன்னும் இருந்ததால், காதைத்தான் சந்தேகித்தேன்.

அதன் பிறகுதான் ஒற்றைச் சுரத்தைக் கேட்டுப் பார்த்தேன். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 வரை வழுக்கிக்கொண்டே மேலேறும் தூய ஒலி. ஸைன் ஸ்வீப் என்பார்கள். மின்னளவில் அது தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே உயரம். ஒலி அளவை வெகுவாகக் குறைத்துவைத்து (உயர்ந்த அதிர்வெண்ணில் தூய சுரம் காதுக்குக் கேடு செய்யும், இதில் அலட்சியம் கூடாது), கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மெல்ல மெல்ல ஏற்றினேன். ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம். அங்கே சற்று உயர்ந்து பின் தணிந்தது. ஐயாயிரத்தில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆறாயிரத்தைத் தாண்டியதும் சுரம் என்னை நோக்கி நடந்துவர ஆரம்பித்தது. 7,300இல் அது காதுக்குள் நின்றது. பாடகியின் ‘ஸ’வில் இருந்த அதே ஊசி, பாட்டோ சொல்லோ குரலோ இல்லாமல், தனியாக. இன்னும் சற்று ஏற்றினேன். 8,000க்குள் காணாமல் போய்விட்டது. கீழே வந்தேன், மறுபடி அங்கேயே. ஐந்து முறை போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடம். நெடுநாளாக எங்கே என்று தெரியாமல் வலித்த பல்லை, மருத்துவர் ஒரு கம்பியால் தட்டி ‘இதுவா?’ என்று கேட்கும் கணம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஹெட்ஃபோனை ஒரு விரலகலம் முன்னால் தள்ளி வைத்தேன். முள் 7,300இலிருந்து சற்று நகர்ந்தது, ஆனால் போகவில்லை. பிறகு அக்காவைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. “எங்கேயாவது குத்தினால் கையைத் தூக்கு, அக்கா” என்றேன். 7,300ஐக் கடந்தபோது முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நான் நம்பாமல் திரும்ப இறக்கி ஏற்றினேன். 8,500ஐ நெருங்கும்போது சட்டென்று கை மேலே போனது. “இங்கேதான். ஏன் இப்படி அலறுகிறது?” என்றாள். அவள் காது என்னுடையதைவிடச் சிறியது. ஒரே ஹெட்ஃபோன், ஒரே ஒலி, ஒரே நாற்காலி. முள் மட்டும் இடம் மாறியிருந்தது.

எனக்கு எல்லாம் புரண்டது அந்த இடத்தில்தான். வரைபடமும் பொய் சொல்லவில்லை, என் காதும் பொய் சொல்லவில்லை. வரைபடம் ஒரு செயற்கைக் காதுக்கு உண்மை. அது பல மனிதக் காதுகளின் சராசரியைக் கொண்டு வடிக்கப்பட்டது. தாழ்ந்த அதிர்வெண்களில் அலையின் நீளம் மீட்டர் கணக்கில் இருக்கும். காதுமடலின் மடிப்பு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 7,000 ஹெர்ட்ஸில் அலை ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. அங்கே காதின் ஒவ்வொரு குழிவும், ஹெட்ஃபோன் உட்கார்ந்த கோணமும் சேர்ந்து ஒலியைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் அந்த அமைப்பின் பேஸ் பகுதி எனக்கும் பொருந்தியது, மேல்பகுதி பொருந்தாமல் போனது. மேலே உள்ள ஃபில்டர்களை நீக்கிவிட்டு, 7,300இல் என்னுடையதாக ஒன்றை இட்டேன். 5 டெசிபல் இறக்கம்.

முதல் முயற்சி சரியாக வரவில்லை. ஃபில்டரின் அகலத்தைக் குறிக்கும் எண்ணுக்கு க்யூ என்று பெயர். எண் சிறிதானால் அகலம் பெரிது. நான் 1 என்று வைத்துவிட்டேன். முள் போனது, கூடவே வயலினின் வில் உரசும் மணமும் போனது. 2, 3 என்று ஏற்றி 4இல் நிறுத்தினேன். உரசல் திரும்பி வந்தது, முள் வரவில்லை. இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்வீப் கேட்டுச் சரிசெய்ய உட்காரும் எவரும் இதில் விழக்கூடும். ஒரு நாள் ஆர்வம் மிஞ்சி, முழு ஸ்வீப்பும் ஒரே உரப்பில் கேட்கும்வரை எல்லா ஏற்றத்தையும் வெட்டினேன். பாடகர் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். 3,000 அருகே தெரியும் அந்த மென்மையான உயர்வு காதின் சொத்து. நிஜக் குரலும் அந்த உயர்வோடுதான் நமக்குக் கேட்கிறது. அதைத் தொடக்கூடாது. குறுகலாக, திடீரென்று எழும் முள்ளைத்தான் எடுக்க வேண்டும்.

இதற்குத் தமிழ் எழுத்துகளே எனக்குப் பெரிய துணையாக இருந்தன. ‘ம’, ‘ன’ ஆகியவற்றின் முனகல் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. அங்கே கூடிப்போனால் எல்லோரும் மூக்கடைத்துப் பாடுவதுபோல் ஆகும். ‘ஷ’வின் காற்று 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் திரள்கிறது, ‘ஸ’ அதைவிட மேலே, ஐயாயிரத்துக்கு அப்பால் சீறுகிறது. ‘ஷ’ இயல்பாக இருந்து ‘ஸ’ மட்டும் குத்தினால் எங்கே தேட வேண்டும் என்று பாட்டே சொல்லிவிடும். செய்தி வாசிப்பவரின் குரலை ஐந்து நிமிடம் கேட்டால் போதும்.

உரக்கக் கேட்பது எல்லாம் இனிக்கும்

முள்ளை எடுத்தது திருத்தம். அதில் எனக்கு மனச்சங்கடம் இல்லை. அடுத்து நான் செய்தது அப்படியல்ல. 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுப் பகுதியையும் 4 டெசிபல் தூக்கினேன். இதை எந்தக் காதின் வடிவமும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்தது, அவ்வளவுதான். மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தில் விழும் கும்கி என்ற உருளும் ஒலி, காதில் அடித்து ஓயாமல் நெஞ்சுவரை உருண்டு வர வேண்டும் எனக்கு. நண்பரின் கேள்வி இங்கேதான் உண்மையான பலத்தோடு திரும்பி வந்தது.

ரசனை என்று சொல்லிக்கொள்வதற்கு முன் அது ரசனைதானா என்று சோதிக்க விரும்பினேன். நம் காதில் ஒரு பழைய பலவீனம் இருக்கிறது. ஒரே பாட்டை ஒரு டெசிபல் உரக்கக் கேட்டால், ‘உரக்க இருக்கிறது’ என்று நமக்குத் தோன்றாது. ‘நன்றாக இருக்கிறது’ என்று தோன்றும். ஈக்வலைசரில் எதைத் தூக்கினாலும் மொத்த ஒலியும் சற்று உயரும். தூக்கியது எதுவாயினும் நமக்குப் பிடித்துப்போகும். இதற்கு மருந்து ஒன்றுதான். தூக்கிய பிறகு, முன்னும் பின்னும் ஒரே உரப்பில் கேட்கும்படி மொத்த ஒலியையும் இறக்க வேண்டும். இறக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. டிஜிட்டல் ஒலிக்குக் கடக்க முடியாத ஒரு கூரை இருக்கிறது. இன்றைய பாடல்கள் பலவும் அந்தக் கூரையைத் தொட்டபடியே வருகின்றன. அதன்மேல் 4 டெசிபல் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ப்ரீஆம்ப் என்று குறிப்பிட்டிருக்கும் இடத்தில் குறைந்தது அதே 4 டெசிபலைக் கழித்துவைத்தால் ஆபத்தில்லை.

அக்கா கணினியின் முன் உட்கார்ந்தாள். நான் முதுகைக் காட்டி அமர்ந்தேன். உரப்பைச் சமப்படுத்திய பின், என் மாற்றங்களை ஒவ்வொன்றாக அவள் போட்டும் எடுத்தும் காட்ட, எது பிடிக்கிறது என்று மட்டும் நான் சொல்ல வேண்டும். அப்போது என்னிடம் ஏழு மாற்றங்கள் இருந்தன. அவற்றில் நான்கை என்னால் இனம்காணவே முடியவில்லை. ஒருமுறை ‘போட்டது’ பிடித்தது, மறுமுறை ‘எடுத்தது’ பிடித்தது. ‘பெண் குரலுக்கு ஒளி’ என்று குறித்துவைத்து, வாரக்கணக்கில் நான் பெருமைப்பட்ட ஒன்றும் அதில் அடக்கம். அவற்றை அன்றே அழித்தேன். 7,300இன் இறக்கத்தைப் பத்துக்குப் பத்து முறையும் தேர்ந்தேன். பேஸ் ஏற்றத்தைப் பத்தில் எட்டு முறை. மீதமிருந்த ஒன்று, இணைய அமைப்பு 200 ஹெர்ட்ஸ் அருகே செய்திருந்த சிறு இறக்கம், அதையும் வைத்துக்கொண்டேன். ஏழு மூன்றானது.

பேஸில் தவறிய அந்த இரண்டு முறை ஏன் என்று பிறகு விளங்கியது. அக்கா இடையில் ‘போட்டது’, ‘எடுத்தது’ இரண்டுக்கும் சேர்த்து ஒலியைக் கூட்டிவைத்திருந்தாள். ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்ஸனும் 1933இல் அளந்து காட்டியது இதைத்தான்: ஒலி குறையக் குறைய, தாழ்ந்த அதிர்வெண்களைக் காது மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலில் ஒலிக்கும் சுரத்துக்கு இணையாகக் கேட்க, 100 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 60 டெசிபலுக்கும் மேல் தேவைப்படுகிறது. உரக்கக் கேட்கும்போது இந்த இடைவெளி சுருங்குகிறது. நான் பெரும்பாலும் இரவில், மிகக் குறைந்த ஒலியில் கேட்பவன். கலவை செய்தவர் அந்த அளவில் கேட்டு முடிவுசெய்திருக்க மாட்டார். அவர் அனுப்பிய கும்கியில் ஒரு பகுதி, என் இரவின் மெல்லிய ஒலியில் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. நான் ரசனை என்று நினைத்த 4 டெசிபலில் எவ்வளவு ரசனை, எவ்வளவு திருத்தம் என்று பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் முடியாது. பகலில் உரக்கக் கேட்கும்போது அதை 2ஆகக் குறைத்துவிடுகிறேன்.

ஈக்வலைசரால் ஆகாதவையும் இருக்கின்றன, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே சந்து விட்டால், பேஸ் அதன் வழியே கசிந்துவிடும். ஸ்லைடரை எவ்வளவு தூக்கினாலும் அது தீராது, மெத்தையைத்தான் சரிசெய்ய வேண்டும். மெத்தை தேய்ந்தாலும் ஒலி மாறும். அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் உண்டாகும் ஆழமான பள்ளத்தைத் தூக்கி நிரப்ப முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது. சிறிய இயர்ஃபோனில் பேஸை அளவுக்கு மீறித் தள்ளினால் அது திணறும், அந்தத் திணறலும் சேர்ந்து கேட்கும். வெட்டுவது பெரும்பாலும் பாதுகாப்பு. தூக்குவதற்கு யோசிக்க வேண்டும்.

போன மாதம் அந்த நண்பரும் அதே ஹெட்ஃபோனை வாங்கினார். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து செய்தி: “இந்த ‘ஸ’ உங்களையும் குத்துகிறதா?” என் அமைப்பை அனுப்பும்படி கேட்டார். நான் அதை அனுப்பவில்லை. ஸ்வீப்பை அனுப்பி, ஒலியை முதலில் குறைத்துக்கொள்ளும்படியும், குத்தும் இடத்தில் எண்ணைக் குறித்துக்கொள்ளும்படியும் எழுதினேன். மறுநாள் 6,800 என்று பதில் வந்தது. அங்கே 4 டெசிபல் இறக்கி, அந்தப் பாட்டை முழுவதும் கேட்டாராம். அதன் கீழே இன்னொரு வரி இருந்தது: “முள்ளை எடுத்தது என் காதுக்காக. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் பேஸைத் தூக்கிக் கேட்பதை இன்னமும் என்னால் ஏற்க முடியவில்லை.”

இரவில் எவ்வளவு ஒலியில் கேட்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.